திருவரங்கத்தின் வாக்குக் கணக்கு

ஒரு தேர்தலின் முடிவு இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. தொகுதியில் வாழ்பவர்கள் யார், என்ன வயது, என்ன தொழில், எந்தச் சமூகம், ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்பது முதலாவது. அவர்களிடம் கட்சிகள் எப்படிப் போய்ச் சேர்கின்றன, எதைச் சொல்லி ஓட்டுக் கேட்கின்றன, வாக்குப்பதிவு நாளில் எத்தனை பேரைச் சாவடிவரை வரவைக்கின்றன என்பது இரண்டாவது. அமெரிக்காவிலும் இலங்கையிலும் நடக்கும் அதிபர் தேர்தல்களை ஆராய்பவர்கள் இந்த இரண்டில் எதற்கு எவ்வளவு எடை என்று நெடுங்காலமாக அளந்துவருகிறார்கள். தமிழ்நாட்டில் அதிபர் தேர்தல் கிடையாது. ஆனால் எம்.ஜி.ஆர். காலம் தொட்டு இங்கே சட்டமன்றத் தேர்தல் ஏறத்தாழ அப்படித்தான் நடக்கிறது. சுவரொட்டியில் முதல்வர் வேட்பாளரின் முகம் பெரிதாகவும் தொகுதி வேட்பாளரின் முகம் சிறிதாகவும் இருக்கும். பெரும்பாலோர் ஓட்டுப் போடுவது பெரிய முகத்துக்கு. அந்தப் பெரிய முகமே நேரில் வேட்பாளராக வந்து நின்ற தொகுதி, திருச்சியில் திருவரங்கம் என்றும் அழைக்கப்படும் ஸ்ரீரங்கம். 2011 முதல் 2021 வரை அங்கே நான்கு சட்டமன்றத் தேர்தல்கள் நடந்தன. வாக்காளர்கள் அநேகமாக அதே மக்கள். முடிவுகள் மட்டும் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகி நிற்கின்றன.

ஸ்ரீரங்கம் என்றதும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவும், ஏழு பிராகாரங்களும், 1987இல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி ராஜகோபுரமும் நினைவுக்கு வரும். தேர்தல் ஆணையத்தின் ஸ்ரீரங்கம் வேறு. தீவு அதன் ஒரு பகுதிதான். காவிரியின் தென்கரையோரம் முத்தரசநல்லூர், ஜீயபுரம், பெட்டவாய்த்தலை என்று நீளும் அந்தநல்லூர் ஒன்றியம் இந்தத் தொகுதியில் இருக்கிறது. வாழையும் நெல்லும் விளையும் ஆற்றுப்பாசன ஊர்கள் அவை. சற்றே தெற்கே போனால் மணிகண்டம் ஒன்றியம்: சோமரசம்பேட்டை, நாகமங்கலம், அளுந்தூர், இனாம்குளத்தூர், சேதுராப்பட்டி. இங்கே பெரும்பகுதி மானாவாரி நிலம். மழை பொய்த்தால் கூலி வேலைக்கு நகரத்துக்குத்தான் போக வேண்டும். மணப்பாறைப் பக்கத்துக் கிராமங்கள் சிலவும் தொகுதிக்குள் அடக்கம். 2021இல் மூன்று லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்களைக் கொண்டிருந்த இந்தத் தொகுதியில் கோயிலைச் சுற்றிய உத்திர வீதி, சித்திரை வீதிகளின் ஓட்டு ஒரு சிறு பங்கு. வெளியூர்ப் பத்திரிகைகள் ஸ்ரீரங்கத்தை 'பிராமணர் தொகுதி' என்று எழுதும்போது கோபுரத்தைப் பார்த்துவிட்டுக் கிராமங்களைப் பார்க்காமல் எழுதுகின்றன என்றே கொள்ள வேண்டும்.

எண்ணிக்கையில் இங்கே எடை கூடியவர்கள் முத்தரையர்கள். திருச்சி வட்டாரம் முழுவதிலும் அவர்கள் பெரிய சமூகம். ஒவ்வோர் ஆண்டும் மே 23 அன்று ஒத்தக்கடையிலுள்ள பெரும்பிடுகு முத்தரையர் சிலைக்கு மாலை போட எல்லாக் கட்சிக்காரர்களும் வரிசையில் நிற்பதன் காரணம் இதுதான். தலித் மக்கள், கள்ளர், ரெட்டியார், வெள்ளாளர், பிள்ளைமார் என்று பிற சமூகங்களும் கணிசம். இனாம்குளத்தூரில் முஸ்லிம்கள் நிறைய. மாவட்ட அளவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 9 சதவீதம், முஸ்லிம்கள் ஏறத்தாழ 7 சதவீதம். 1,000 ஆண்களுக்கு 1,013 பெண்கள். திருச்சியில் பெரும்பிடுகு முத்தரையர், நீதிக்கட்சித் தலைவர் சர் ஏ.டி. பன்னீர்செல்வம், எம்.கே. தியாகராஜ பாகவதர் மூவருக்கும் ஒரே வளாகத்தில் மணிமண்டபங்கள் எழுப்பப்பட்டிருக்கின்றன. வெவ்வேறு சமூகத்தாரின் நினைவையும் மதிப்பையும் அரசு எப்படிக் கணக்கில் எடுக்கிறது என்பதை அந்த வளாகத்திலேயே காணலாம்.

2011இல் ஜெயலலிதா ஸ்ரீரங்கத்தைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய முன்னோர் இவ்வூரைச் சேர்ந்தவர்கள்; பூர்வீகம் இது என்ற பேச்சு பிரச்சாரத்தில் முன்னே நின்றது. அதே தேர்தலில் கருணாநிதியும் சேப்பாக்கத்தை விட்டு, தான் வளர்ந்த திருவாரூரில் முதன்முறையாக நின்றார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், சொந்த ஊர் என்ற உணர்வுக்கு இரு பெரிய கட்சிகளும் கொடுத்த மதிப்பு தெரியும். முடிவில் ஜெயலலிதாவுக்கு 1,05,328 வாக்குகள், தி.மு.க.வின் ந. ஆனந்துக்கு 63,480. வித்தியாசம் 41,848. மின்வெட்டும் விலைவாசியும் ஆட்சிக்கு எதிராக இருந்தன, தே.மு.தி.க.வும் இடதுசாரிகளும் அ.தி.மு.க. கூட்டணியில் இருந்தார்கள். மாநிலம் முழுவதும் அந்தக் கூட்டணி 203 இடங்களைப் பிடித்த ஆண்டு அது. ஆகவே இந்த வெற்றியில் பூர்வீகத்தின் பங்கு எவ்வளவு, அலையின் பங்கு எவ்வளவு என்று தனியாகப் பிரிக்க முடியாது.

முதல்வர் தொகுதி ஆன பிறகு நடந்தவைதான் கவனிக்கத்தக்கவை. நாவலூர் குட்டப்பட்டில் தேசியச் சட்டப் பள்ளி வந்தது, பெண்களுக்கான தோட்டக்கலைக் கல்லூரி வந்தது. சேதுராப்பட்டியில் அரசுப் பொறியியல் கல்லூரியும் இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகமும் வந்தன. அரங்கநாதர் கோயிலில் 2012 செப்டம்பரில் நாள் முழுவதும் அன்னதானம் தொடங்கியது. யாத்ரிகர்கள் தங்க யாத்ரி நிவாஸ் கட்டப்பட்டது. கல்லூரிகள் எழுந்த இடங்களைப் பாருங்கள்: பெரும்பாலும் தீவுக்கு வெளியே, மணிகண்டம் பக்கத்து மேட்டு நிலத்தில். காலி நிலம் அங்கேதான் கிடைக்கும் என்பது ஒரு காரணம். ஓட்டும் அங்கேதான் அதிகம். தேர்தல் பிரச்சாரம் என்றால் வேனும் ஒலிபெருக்கியும் மட்டும் அல்ல. ஐந்தாண்டுகள் நடக்கும் வேலையும் அதில் சேரும், சொல்லப்போனால் அதுதான் பெரிய பங்கு.

2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் சொத்துக்குவிப்பு வழக்கில் தண்டனை விதித்ததும் ஜெயலலிதா பதவியிழந்தார், தொகுதி காலியானது. 2015 பிப்ரவரி 13 அன்று இடைத்தேர்தல். அமைச்சர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் ஆளுக்கொரு பகுதி என்று பிரித்துக்கொண்டு கிராமங்களில் முகாமிட்டார்கள். அ.தி.மு.க.வின் எஸ். வளர்மதிக்கு 1,51,561 வாக்குகள், மீண்டும் நின்ற ஆனந்துக்கு 55,045. வித்தியாசம் 96,516. பா.ஜ.க.வும் மார்க்சிஸ்ட் கட்சியும் டெபாசிட் இழந்தன. முதல்வர் பதவியை இழந்த தலைவர் மீதான அனுதாபம், ஆளுங்கட்சியின் முழு இயந்திரமும் ஒரே தொகுதியில் இறங்கியது, ஆளுங்கட்சி உறுப்பினர் இருந்தால் ஊருக்கு ஏதாவது நடக்கும் என்ற கிராமத்து நடைமுறைக் கணக்கு மூன்றும் ஒன்றுசேர்ந்த முடிவு இது.

பதினைந்தே மாதங்களில், 2016 மே மாதத்தில், அதே வளர்மதி அதே தொகுதியில் 14,409 வாக்குகளில்தான் வென்றார். அவருக்கு 1,08,400, தி.மு.க.வின் எம். பழனியாண்டிக்கு 93,991. வித்தியாசத்தில் குறைந்த எண்பதாயிரம் எங்கே போயின? எண்களைக் கூர்ந்து பார்த்தால் விடை கிடைக்கிறது. அ.தி.மு.க.வின் 2016 வாக்கு, 2011இல் ஜெயலலிதாவே நின்றபோது கிடைத்ததைவிட மூவாயிரம்தான் கூடுதல். ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் என்பதுதான் அக்கட்சிக்கு இங்கே இருந்த இயல்பான வாக்கு. 2015இன் ஒன்றரை லட்சம் இடைத்தேர்தல் வெள்ளம். வெள்ளம் வடிந்ததும் ஆறு பழைய மட்டத்துக்கு வந்துவிட்டது. மறுபக்கம் தி.மு.க. 55,045இலிருந்து 93,991க்கு ஏறியது. முத்தரையரும் தலித்துகளும் இளைஞர்களும் பதினைந்து மாதங்களில் எண்ணிக்கையில் மாறிவிடவில்லை. மாறியது தி.மு.க. வேட்பாளர், ஒன்றியச் செயலாளர்களின் உழைப்பு, எந்தக் கட்சி ஜெயிக்கும் என்ற எதிர்பார்ப்பு.

2021இல் பழனியாண்டி 1,13,904 பெற்றார். அ.தி.மு.க.வின் கு.ப. கிருஷ்ணனுக்கு 93,989. தி.மு.க. 2016இல் தோற்றபோது பெற்ற வாக்குக்கும் அ.தி.மு.க. 2021இல் தோற்றபோது பெற்ற வாக்குக்கும் இரண்டே ஓட்டு வித்தியாசம். இரு கட்சிகளுக்கும் தோல்வியிலும் கலையாத அடித்தளம் ஒன்று இருக்கிறது. அதற்கு மேல் உள்ள சுமார் இருபதாயிரம் பேர் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கத்தவர் சட்டமன்றம் போகிறார். பிரச்சாரத்தின் உண்மையான இலக்கு இந்த இருபதாயிரம். ஆனால் அவர்கள் யார் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாததால்தான் மூன்று லட்சம் பேரின் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கு, ஸ்ரீரங்கம் அடங்கிய திருச்சி நாடாளுமன்றத் தொகுதியின் வரலாற்றில் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்த ரயில்வே பணிமனை, ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை ஒரே இடத்தில் குடியமர்த்தியது. 1946 செப்டம்பர் 5 அன்று அங்கே வேலைநிறுத்தக்காரர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தத் தொழிற்சங்க மரபின் வழியே 1962இலும் 1967இலும் கே. அனந்த நம்பியார், 1971இலும் 1977இலும் மீ. கல்யாணசுந்தரம் என்று பொதுவுடைமை இயக்கத்தவர்களைத் திருச்சி தொடர்ந்து டெல்லிக்கு அனுப்பியது. பிறகு 1984 முதல் 1996 வரை நான்கு முறை எல். அடைக்கலராஜ், முதல் மூன்று முறை காங்கிரஸிலும் கடைசியில் தமிழ் மாநில காங்கிரஸிலும். 1998இல் பா.ஜ.க.வின் ரங்கராஜன் குமாரமங்கலம் அ.தி.மு.க. கூட்டணியில் நின்று வென்றார். மறு ஆண்டே தி.மு.க. கூட்டணியில் நின்று மறுபடி வென்றார். அவர் மறைவுக்குப் பின் 2001 இடைத்தேர்தலில், பொதுத் தொகுதியான இங்கே அ.தி.மு.க. தலித் எழில்மலையை நிறுத்தி வெற்றி பெற்றது. பொதுவுடைமையர், கிறிஸ்தவர், பா.ஜ.க.காரர், தலித் தலைவர் என்று இத்தனை வகையான உறுப்பினர்களை ஒரே ஊர் தேர்ந்தெடுத்திருக்கும்போது, சமூகக் கணக்கு ஒன்றை மட்டும் வைத்து முடிவைச் சொல்லிவிடலாம் என்பவர்கள் எவ்வளவு குறைவாகப் பார்க்கிறார்கள் என்பது விளங்கும்.

கூட்டணி என்பது சமூகக் கணக்கும் பிரச்சாரமும் சந்திக்கும் இடம். 2009இல் அ.தி.மு.க.வின் ப. குமார் காங்கிரஸின் சாருபாலா தொண்டைமானை வெறும் 4,335 வாக்குகளில் வென்றார். ஐந்தாண்டு கழித்து அதே குமாரின் வித்தியாசம் 1,50,476. 2019இல் காங்கிரஸின் சு. திருநாவுக்கரசர் 4,59,286 வித்தியாசத்தில் தொகுதியைக் கைப்பற்றினார். 2024இல் ம.தி.மு.க.வின் துரை வைகோ கூட்டணித் தலைமையான தி.மு.க.வின் உதயசூரியனில் நிற்க மறுத்தார். கட்சியின் பழைய பம்பரமும் கிடைக்கவில்லை. தீப்பெட்டிச் சின்னம் ஒதுக்கப்பட்டது. ஏப்ரல் 19 வாக்குப்பதிவுக்கு மூன்று வாரமே இருந்த நிலையில், ஸ்ரீரங்கம் முதல் புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை வரையிலான ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் புதிய சின்னத்தைப் பதிய வைக்க வேண்டியிருந்தது. அவர் 3,13,094 வாக்குகள் கூடுதலாகப் பெற்று வென்றார். உதயசூரியனுக்கே பழகிய கைகள் தீப்பெட்டியைத் தேடிப் பிடித்து அழுத்தியதற்குக் காரணம், கூட்டணிக் கட்சிகளின் கிளைச் செயலாளர்கள் வீடுவீடாக மாதிரி வாக்குச்சீட்டைக் காட்டியதுதான். வாக்காளரிடம் போய்ச் சேரும் வேலையின் வலிமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் திருச்சியில் வேறு இல்லை.

நேரில் போய்ப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. 1998இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும் ஒரு பரிசோதனை செய்தார்கள். வாக்காளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சிலரை வீட்டில் சந்தித்தார்கள், சிலருக்குத் தபால் அனுப்பினார்கள், சிலருக்குத் தொலைபேசியில் பேசினார்கள். வீட்டு வாசலில் பேசப்பட்டவர்களிடம் வாக்களிப்பு எட்டு ஒன்பது சதவீதப் புள்ளி கூடியது. தொலைபேசிக்கு ஏறக்குறையப் பலனே இல்லை. தமிழ்நாட்டுக் கட்சிகள் இந்த ஆய்வைப் படித்து வேலை செய்யவில்லை. திண்ணைப் பிரச்சாரமும், பூத் கமிட்டியும், நூறு வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர் என்ற ஏற்பாடும் இங்கே பல தலைமுறைப் பழக்கம். 1956இல் திருச்சியில் கூடிய தி.மு.க. மாநில மாநாடு, தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்று வந்திருந்தவர்களையே வாக்களிக்கச் சொல்லி முடிவெடுத்தது. மறு ஆண்டே அப்போதைய திருச்சி மாவட்டத்திலிருந்த குளித்தலையில் கருணாநிதி தன் முதல் தேர்தலில் வென்றார். கிளை, வட்டம், ஒன்றியம், மாவட்டம் என்ற அமைப்பு அந்தக் காலத்தில் வேர்விட்டது. இரண்டு திராவிடக் கட்சிகளும் இன்றுவரை அதன் மீதுதான் நிற்கின்றன.

கூட்டமும் ஓட்டும் ஒன்றல்ல என்பதற்கும் திருச்சி சாட்சி. 2013 செப்டம்பர் 26 அன்று பொன்மலை ஜி கார்னர் மைதானத்தில் நரேந்திர மோடி பேசிய இளந்தாமரை மாநாட்டுக்குப் பெருங்கூட்டம் வந்தது. 2014 பிப்ரவரியில் தி.மு.க. மாநில மாநாட்டுக்கும் அப்படியே. அந்த ஆண்டுத் தேர்தலில் தனித்து நின்ற அ.தி.மு.க. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37ஐ அள்ளியது, தி.மு.க.வுக்கு ஒன்றுகூட இல்லை. 2024 ஜனவரியில் அயோத்தி குடமுழுக்குக்கு இரண்டு நாள் முன்பு பிரதமர் மோடி ஸ்ரீரங்கம் கோயிலுக்கு வந்து கம்பராமாயணம் கேட்டார். தேசம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்த காட்சி அது. மூன்று மாதம் கழித்து இந்தத் தொகுதியில் அதன் விளைவு வாக்கில் பெரிதாக வெளிப்படவில்லை. அரங்கனை வணங்குபவர்கள் ஓட்டுப் போடும்போது தண்ணீரையும் வேலையையும் குடும்பச் செலவையும் நினைத்தே போடுகிறார்கள். இதைப் பக்திக் குறைவாகக் கருத யாருக்கும் உரிமை இல்லை.

குடும்பச் செலவைக் கணக்குப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். 2006இல் வண்ணத் தொலைக்காட்சி, 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று வாக்குறுதிகள் வீட்டுக்குள் நுழைந்ததன் பின்னணி இது. 2021 மார்ச் 7 அன்று திருச்சியை அடுத்த சிறுகனூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் மு.க. ஸ்டாலின் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தார். மறுநாளே, மகளிர் தினத்தன்று, எடப்பாடி பழனிசாமி 1,500 ரூபாயும் ஆண்டுக்கு ஆறு எரிவாயு சிலிண்டரும் தருவதாக அறிவித்தார். ஒரு கட்சியின் பேச்சுக்கு இன்னொரு கட்சி ஒரே இரவில் பதில் சொன்னது என்றால், இருவரும் ஒரே வாக்காளரைப் பார்த்துப் பேசினார்கள் என்று பொருள். ஆட்சிக்கு வந்த தி.மு.க. 2021 மேயில் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தையும் 2023 செப்டம்பர் 15இல் மகளிர் உரிமைத் தொகையையும் தொடங்கியது. சோமரசம்பேட்டையிலிருந்து திருச்சி தில்லைநகருக்கு வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குப் பேருந்துக் கட்டணம் மிச்சமாவதை 'இலவசம்' என்று இளக்காரம் பேசுபவர்கள், அந்த மிச்சம் அவள் வீட்டில் என்னவாகிறது என்று ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

முதியோர் இன்னொரு தனிப் பிரிவு. பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, ஓய்வூதியத்தில் தனியே வாழும் பெரியவர்கள் ஸ்ரீரங்கத்தில் அதிகம். 2021இல் 80 வயதைக் கடந்தோருக்கு வீட்டிலிருந்தே தபால் வாக்களிக்கும் வசதி வந்தது. 2024இல் அந்த வயது 85 ஆக உயர்த்தப்பட்டது. விருப்பப் படிவத்தை முன்கூட்டியே நிரப்பித் தர வேண்டும் என்பதால், யார் வீட்டில் முதியவர் இருக்கிறார் என்று அறிந்த பூத் கமிட்டிக்காரருக்கு இங்கேயும் வேலை இருக்கிறது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முழுமை பெறாது. சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய், நாடாளுமன்றத்துக்கு 95 லட்சம் என்று 2022இல் நிர்ணயிக்கப்பட்டது. நடைமுறை வேறு. 2016இல் திருச்சிக்குக் கிழக்கே தஞ்சாவூரிலும் மேற்கே அரவக்குறிச்சியிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலே நிறுத்தப்பட்டு நவம்பரில்தான் நடந்தது. பணம் முடிவை மாற்றுகிறதா என்றால், இரு தரப்பும் கொடுக்கும் இடத்தில் அது வெறும் நுழைவுக் கட்டணமாகிவிடுகிறது. கொடுக்க இயலாத சிறிய கட்சிகளையும் சுயேச்சைகளையும் களத்துக்கு வெளியே நிறுத்துவதுதான் அதன் பெரிய தீங்கு. அந்தத் தீங்கு எந்தக் கருத்துக்கணிப்பிலும் பதிவாவதில்லை.

தொடக்கத்தில் சொன்ன அதிபர் தேர்தல்களுக்குத் திரும்பினால், இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஸ்ரீரங்கத்து வாக்காளருக்கு நேரடிப் பங்கு இல்லை. அவருடைய சட்டமன்ற உறுப்பினருக்கு உண்டு. அந்த ஓட்டின் மதிப்பு 176. 1971 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகையான 4.12 கோடியை 234 உறுப்பினர்களால் வகுத்து, அதை மறுபடி 1,000ஆல் வகுத்தால் கிடைக்கும் எண் அது. உத்தரப் பிரதேச உறுப்பினருக்கு 208, சிக்கிம் உறுப்பினருக்கு 7. குடும்பக் கட்டுப்பாட்டைச் செவ்வனே செய்த மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்பதற்காகவே 1971 கணக்கு இன்னும் நீடிக்கிறது. 2012இல் ஸ்ரீரங்கம் உறுப்பினராக இருந்த ஜெயலலிதா, ஒடிசா முதல்வர் நவீன் பட்நாயக்குடன் சேர்ந்து பி.ஏ. சங்மாவை முன்னிறுத்தினார், வென்றவர் பிரணாப் முகர்ஜி. வாக்காளர்கள் சில ஆயிரம் பேரே ஆன இந்தத் தேர்தலில் பிரச்சாரம் என்பது கட்சித் தலைமைகளைச் சந்திப்பதோடு முடிந்துவிடும்.

மக்களே நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் இலங்கையில் தமிழர் வாக்கின் கதை வேறு. 2005இல் மகிந்த ராஜபக்ச ரணில் விக்ரமசிங்கவை 1,80,786 வாக்குகளில் வென்றார். விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் ஒன்றேகால் சதவீதம்கூட இல்லை. 2015இல் அதே மாவட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் சாவடிக்கு வந்தார்கள். அவர்களில் 74 சதவீதத்தினர் மைத்திரிபால சிறிசேனவுக்கு வாக்களித்தார்கள். மகிந்த 4,49,072 வித்தியாசத்தில் தோற்றார். 2019இல் வடக்கு இன்னும் ஒருமுகமாக சஜித் பிரேமதாசவுக்கு வாக்களித்தும் கோத்தபய ராஜபக்ச 52.25 சதவீதத்துடன் வென்றார், ஏனெனில் தெற்கின் சிங்கள வாக்குகள் அவர் பக்கம் குவிந்தன. பெரும்பான்மை இரண்டாகப் பிரியும்போது சிறுபான்மையின் வாக்கு தீர்ப்பளிக்கும். பெரும்பான்மை திரண்டுவிட்டால் சிறுபான்மை எவ்வளவு திரண்டாலும் போதாது. சில ஆயிரம் வாக்கே தீர்மானிப்பது அமெரிக்காவிலும் உண்டு: 2020இல் ஜார்ஜியா மாநிலத்தை ஜோ பைடன் 11,779 வாக்குகளில் வென்றார். ஸ்ரீரங்கத்தில் பழனியாண்டி வென்ற வித்தியாசத்தைவிட அது குறைவு.

கடைசியாக, கணக்கில் வராதவர்கள். ஊரில் வாழ்பவர் எல்லாரும் வாக்காளர் அல்ல. திருச்சிக் கல்லூரிகளின் விடுதிகளில் படிக்கும் ஆயிரக்கணக்கான மாணவர்களில் பெரும்பாலோரின் பெயர் சொந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போன திருச்சிக்காரர்கள், 2010இல் வந்த சட்டத் திருத்தத்தால் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஆனால் வாக்களிக்க நேரில் வந்தாக வேண்டும். கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை முகாம்களில் பல பத்தாண்டுகளாக வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு, இங்கேயே பிறந்த பிள்ளைகள் உட்பட, பெரும்பாலும் குடியுரிமை இல்லை, எனவே வாக்கும் இல்லை. எந்தக் கட்சியின் வேனும் அவர்கள் தெருவில் ஓட்டுக் கேட்டு நிற்பதில்லை. ஓட்டில்லாதவர்களின் குறை தேர்தல் அறிக்கையில் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவது இந்த முறையின் மிகக் கொடிய பக்கம்.

வாக்கு உள்ளவர்களும் கணக்கிலிருந்து விடுபடலாம். 2025 இறுதியில் நடந்த வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியலிலிருந்து சுமார் 97 லட்சம் பெயர்கள் நீங்கின. இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் போக, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இடம் மாறியவர்கள் என்று காட்டப்பட்டவர்கள். வாடகை வீடு மாறுபவர்கள், வேலை தேடி நகர்பவர்கள், கல்யாணமாகிப் போன பெண்கள் இதில் முதலில் அடிபடுவார்கள். பெயர் சேர்க்கப் படிவம் 6. முகவரி மாற்றத்துக்கும் பிழை திருத்தத்துக்கும் படிவம் 8. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் படிவம் 6ஏ. வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ இணையத்திலோ இவற்றைக் கொடுக்கலாம். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு அந்தத் தேர்தலுக்கான பட்டியல் மூடப்படும்.